ஒரு சாண் பாலை

இரவெல்லாம் எனக்கு
இலையின் ஈரத்தைப் பிடுங்கும் வேலை.
ஃபெக்டரி மேல்மாடியில்
நீண்ட வலைத்தட்டில் கொழுந்தைக் கொட்டி
அடியில் காற்றாடியைத் தட்டிவிட்டால்
விடியும் முன் துவண்டுவிடும்.
கைக்குள் பொத்திப் பார்ப்பேன்:
பழைய துணிபோல மடியவேண்டும், முறியக்கூடாது.
போதும் என்று குரல் கொடுப்பேன்.
அந்த ஒரு சொல்லுக்குத்தான் சம்பளம்.

வீட்டில் ஈரத்தை அண்டவிடாத வேலை.
ஹப்புத்தளை கராஜில்
மூலை நொறுங்கிய பஸ் கண்ணாடி ஒன்றை
பேரம்பேசி வாங்கி, கல்லடுக்கின்மேல் சாய்த்து,
அதனடியில் பதினோரு கள்ளிகள்.
மண்ணும் இந்த மலையின் மண் அல்ல;
செங்கல் தூள், ஃபெக்டரி அடுப்புக் கரி,
தண்டவாள ஓரம் பொறுக்கிய சல்லி.
மழையைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும்.
மதியம் இரண்டு மணிக்குப் பள்ளத்திலிருந்து
ஏறிவரும் மூட்டத்துக்குத்தான் கதவில்லை.
பக்கவாட்டில் நுழைந்து
முள்ளுக்கு ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போகும்.
குந்தியிருந்து ஊதுவேன், ஒவ்வொரு முள்ளாக.
"கள்ளிக்கு சூடாறுதாம்" என்று சிரிக்கும்
பள்ளி விட்டு வரும் பிள்ளைகள்.

குறிஞ்சிக்குள் ஒரு சாண் பாலை.
ஐந்து நிலம் படித்தேன்,
இப்படி ஒன்றைப் பாடத்தில் வைக்கவில்லை.

முதலில் வந்தது மாவுப்பூச்சி.
வரிகளின் இடுக்கில் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தேன்.
பஞ்சு நகர்ந்தது.
குச்சியைச் சாராயத்தில் தோய்த்துத் துடைத்தேன்.
"மாசக் கடைசில பூச்சிக்கு ஊத்துறியே"
என்று போத்தலைப் பார்த்து நொந்தான் மச்சான் செபமாலை.
பிறகு எறும்புகள்,
மாவுப்பூச்சியை மாடுபோல மேய்க்க.
நான் துரத்தத் துரத்த
கன்றுகளை வாயில் கவ்வி
அடுத்த தொட்டிக்குக் குடிமாறின.

ஏழாம் வருடம்
உருண்டைக் கள்ளியின் விலாவில் மயிர் முளைத்த மொட்டு.
போயா லீவு இரவு எட்டரைக்கு விரிந்தது.
வெள்ளை. உள்ளே போகப் போகக் குழாய்.
எலுமிச்சை இலையைக் கசக்கிய வாசம்.
விடிந்தால் தொங்கிவிடும்.
பிறந்த மண்ணில் இதற்கென்றே
நீள நாக்கோடு யாராவது இருப்பார்கள்.
இங்கே யார்?

விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
மூட்டத்துக்குள் எங்கோ நிலா.

பதினொன்றரைக்கு ஓர் இரைச்சல்,
சின்ன மோட்டார் போல.
சாம்பல் சிறகு, வயிற்றில் ரோசாக் கோடுகள்.
அது உட்காரவில்லை.
பூவின் முன் அந்தரத்தில் நின்று
சுருட்டிய நாக்கை அவிழ்த்தது, அவிழ்த்துக்கொண்டே இருந்தது.
அந்தச் சிறகுக் காற்றில்
முள்நுனிச் சொட்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன.
அன்று நான் ஊதவில்லை.

எனக்கு அதைத் தெரியும்.
மகள் யசோதினி பள்ளிக்கூடத்துக்காக
ஜாம் போத்தலில் மண் போட்டு வளர்த்தாளே, அது.
அடுத்த வீட்டுச் சடையாயி அக்காவின்
வற்றாளைப் பாத்தியை மொட்டையடித்த,
பின்பக்கம் கொம்பு வைத்த, விரல் பருமன் புழு.
போன மாதம் புழுவுக்குப் பத்து ரூபாய் பேசி
நாற்பத்து மூன்றைப் பொறுக்கி
மண்ணெண்ணெய் டின்னில் போட்டவன் நான்.
நானூற்று முப்பது ரூபாய்.
அதில்தான் பதினோராவது கள்ளியை வாங்கினேன்.

காலையில் பூ தொங்கிப்போயிருந்தது.
வற்றாளைப் பாத்திக்குப் போய்
ஒவ்வொரு இலையாகப் புரட்டினேன்.
ஏழாவதோ எட்டாவதோ இலையடியில்
தலையைத் தூக்கியபடி,
கூப்பிட்டால் திரும்பும் போல.

"இருக்கா?" என்றாள் அடுப்படியிலிருந்து.

"இல்லக்கா."

இலையைப் பழையபடி கவிழ்த்தேன்.
கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் மட்டும்.
பிறகு கேட்டாள்:
"கொம்பு எவ்ளோ நீளம்?"